கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு ஒன்று

ஆசிரிய நண்பர்களே, பெற்றோர்களே! உங்களுள் பெரும்பாலோர் கணினியின் கட்டளைவரியைத் திறந்தே பார்த்திருக்க மாட்டீர்கள். கறுப்புத் திரையும் மினுக்கும் சுட்டியுமாக, தட்டெழுதினால் மட்டுமே விடை சொல்லும் உலகம் அது. ஆயினும், பெயர்ப்பட்டியலையும் தேர்வுப் புள்ளிகளையும் திரட்டும் நிரல்களுக்குப் பின்னால் பல இடங்களில் இத்தகைய கட்டளைகளே ஓடுகின்றன. அவை எந்த வடிவில் விடை தருகின்றன என்பது நம் பிள்ளைகளின் பெயரைத் தொடும் செய்தி.

யூனிக்சு இயங்குதளத்தில் 1973ஆம் ஆண்டு ‘குழாய்’ என்னும் வசதி வந்தது. பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த டக் மெக்கில்ராய் பல்லாண்டுகளாக வலியுறுத்தி வந்த எண்ணத்தைக் கென் தாம்சன் செய்து முடித்தார். தோட்டத்து நீர்க்குழாய்களைப் பொருத்துவதுபோல் ஒரு கட்டளையின் விடை அடுத்த கட்டளைக்குள் பாயும். அன்றுமுதல் ஒவ்வொரு கட்டளைக்கும் இரு வாசகர்கள்: திரையைப் பார்க்கும் மாந்தர் ஒருவர், குழாயின் மறுமுனையில் காத்திருக்கும் நிரல் மற்றொன்று.

இவ்விரு வாசகர்க்கும் தேவை வேறு வேறு. கோப்புகளைப் பட்டியலிடும் ‘எல்எஸ்’ கட்டளையின் விரிவான வடிவத்தைப் பாருங்கள். ஏறத்தாழ ஆறு மாதங்களுக்குள் திருத்திய கோப்பாயின் நாளையும் மணியையும் காட்டும். அதனினும் பழையதாயின் மணியை விட்டுவிட்டு ஆண்டைக் காட்டும். மாந்தருக்கு இது நயமான ஏற்பாடு. நேற்றைய கோப்புக்கு ஆண்டு எதற்கு? ஆனால், அவ்விடத்தில் மணியை எதிர்பார்க்கும் நிரலுக்கு இது குழி. ஜனவரியில் ஒழுங்காக ஓடிய நிரல் ஆகஸ்டில் தடுமாறும். எழுதியவரோ ஓர் எழுத்தைக்கூட மாற்றியிருக்க மாட்டார்.

மலேசியாவில் நமக்கு இச்சிக்கல் இன்னும் கூர்மையானது. கவிதா ஏ/பி முத்துசாமி என்றொரு மாணவி இருப்பதாக வைத்துக்கொள்வோம். இடைவெளியைக் கண்டு கட்டம் பிரிக்கும் நிரல் இப்பெயரை மூன்று துண்டாக்கும். புள்ளி இருக்கவேண்டிய கட்டத்தில் தந்தை போய் அமர்வார். அந்தச் சாய்கோடோ யூனிக்சில் அடைவுகளைப் பிரிக்கும் குறி. மாணவி பெயரையே கோப்புக்குச் சூட்ட முயலும் நிரல் ‘கவிதா ஏ’ என்னும் இல்லாத அடைவைத் தேடித் தோற்கும். உடனே, “உங்கள் பெயர்கள் நீளம், சாய்கோட்டை எடுத்துவிடுங்கள்” என்பார்கள். பெயர் என்ன குற்றம் செய்தது? கண்ணுக்காக அடுக்கிய பட்டியலை இயந்திரத்திற்கு ஊட்டியவர்கள் அல்லவா திருத்திக்கொள்ள வேண்டும்?

தீர்வு புதிதன்று. நிரலாளர்கள் பயன்படுத்தும் ‘கிட்’ கருவி 2005இல் பிறந்தது. நிலையைக் கேட்டால் அது வாக்கியங்களில் பேசும். எந்தக் கோப்பு மாறியது, அடுத்து என்ன செய்யலாம் என்று வழிகாட்டும். ‘போர்சலின்’ என்னும் விருப்பத்தைச் சேர்த்துக் கேட்டால், வரிக்கு ஒரு கோப்பாக, ஈரெழுத்துக் குறியோடு சுருக்கித் தரும். பதிப்பு மாறினாலும் பயனர் தம் அமைப்பை மாற்றினாலும் இவ்வடிவம் மாறாதென்று கையேடு உறுதி கூறுகிறது.

தமிழர்க்கு இவ்வுறுதியால் ஒரு நன்மை உண்டு. ஆங்கில வாக்கியங்களை நம்பியே நிரல்கள் ஓடுமானால், அவ்வாக்கியங்களைத் தமிழாக்க எவர் துணிவார்? மொழிபெயர்த்த மறுநாளே நூறு நிரல்கள் உடையும். இயந்திரத்திற்குத் தனி வடிவம் கொடுத்துவிட்டால், மாந்தருக்கான வடிவம் தமிழிலும் மலாயிலும் தாராளமாகப் பேசலாம்.

எல்லாமே ஜேசன் வடிவில் வரட்டும் என்பாரும் உளர். எனக்கு உடன்பாடில்லை. முப்பது மாணவர் பெயர்களை அடைப்புக்குறிகளும் மேற்கோள்குறிகளும் சூழப் படிப்பது ஆசிரியருக்குத் தண்டனை. பார்ப்பது மாந்தரா நிரலா என்று கருவியே கண்டறியட்டும் என்பது இன்னொரு கருத்து. எல்எஸ் அவ்வாறே திரைக்குப் பல நெடுவரிசைகளிலும் குழாய்க்கு வரிக்கொன்றாகவும் தருகிறது. வண்ணத்தை நீக்குவது, அடுக்கை மாற்றுவது வரை சரி. செய்தியே மாறலாகாது, திரையில் பார்த்து நம்பியது குழாயில் வேறாகப் போனால் பிழையைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு.

தமிழ் எழுத்துக்கோ தனிச் சோதனை. ‘தமிழ்’ என்பதில் முதலாமாண்டுப் பிள்ளை மூன்றெழுத்து எண்ணும். ஒருங்குறிக் கணக்கில் அது 5. யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் 15 பைட்டு. திரையில் நேராகத் தெரியுமாறு ஒரு கருவி இடைவெளி விட்டிருக்கும். அடுத்த நிரலோ ஒருங்குறியை எண்ணி வெட்டும். வெட்டு இரண்டிடம் தள்ளி விழுந்தால் 78 புள்ளி காணாமற்போகும், ஓரிடம் தள்ளினால் 7 ஆகும்.

ஆகவே, புள்ளிகளைப் பதியும் மென்பொருளை வாங்க எண்ணும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள், விற்க வருபவரிடம் இரண்டு அச்சுப்படிகள் கேளுங்கள்: வகுப்பில் ஒட்டுவதற்கு ஒன்று, இன்னொரு நிரல் படிப்பதற்கு ஒன்று. இரண்டிலும் ‘ஏ/பி’ முழுதாக இருக்கிறதா என்று பாருங்கள்.