உள்ளூர் மாடு விலை போகாதா?

"உள்ளூர் மாடு விலை போகாது" என்பது பழமொழி. மாட்டுச் சந்தையில் பிறந்த இப்பழமொழி இன்று கபடிக் களத்துக்குள் வந்து நிற்கிறது.

பங்குனி, சித்திரை மாதங்களில் அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, திருச்சுழி வட்டாரங்களில் கோயில் பொங்கலையொட்டி நடைபெறும் கபடிப் போட்டிகளைக் கண்டவர்களுக்கு நான் சொல்ல வருவது எளிதில் விளங்கும். மண்ணைக் கொத்திக் கிளறி, கல் பொறுக்கி, நீர் தெளித்துக் களம் அமைக்கிறார்கள். சுற்றிலும் விளக்குக் கட்டி, சுழற்கோப்பையை மேசைமீது வைக்கிறார்கள். ஒலிபெருக்கியில் ஊர்ப் பெயர் முழங்குகிறது. கைதட்டலோடு எழுவர் களம் இறங்குகின்றனர். அந்த எழுவரில் ஐவரை அந்த ஊர்க்காரர்களுக்கே தெரியாது! ஒருவர் தஞ்சைப் பக்கம். இருவர் தூத்துக்குடிப் பக்கம். மற்றவர் எந்தப் பக்கமோ, அழைத்து வந்தவருக்குத்தான் வெளிச்சம். இதற்கு நம் பக்கத்தில் "ஆள் இறக்குவது" என்று பெயர். ஓர் இரவுக்கு இவ்வளவு என்று பேசி, வண்டிச் செலவும் சாப்பாடும் கொடுத்து அழைத்து வருகிறார்கள். விடிந்தால் கோப்பை ஊரில் இருக்கும். வென்று கொடுத்தவர்கள் ஊரில் இருக்க மாட்டார்கள். அந்த ஊரில் ஆண்டு முழுதும் சாயங்காலத்தில் முட்டி தேயச் சடுகுடு ஆடிய பையன்களோ அன்றைக்குச் சுண்ணாம்புக் கோடு போடுவார்கள், தண்ணீர்க் குடம் தூக்குவார்கள், வாய் வலிக்கச் சீழ்க்கை அடிப்பார்கள்.

இது நம் ஊர்ப் பழக்கம் மட்டுமன்று. கோடிகள் புரளும் பெரிய போட்டிகளிலும் இதே கதைதான், ஆடை வேறு, அவ்வளவே. 2025 ஜூனில் மும்பையில் ரக்பி ஆட்டத்துக்கென ஒரு தொழில்முறைப் போட்டி முதன்முறையாக நடந்தது. எழுவர் ஆடும் ரக்பி. இறுதியாட்டத்தில் டெல்லி அணியை 41-0 என்று வீழ்த்திச் சென்னை புல்ஸ் அணி கோப்பையை வென்றது. சென்னை வென்றது என்று மகிழலாம். ஆனால் அப்போட்டியின் அமைப்பே, ஓர் அணியில் இந்தியர் பாதிக்கும் குறைவாக இருக்கும்படி வகுக்கப்பட்டது. ரக்பி நமக்குப் புதிய ஆட்டம், பிஜியும் அர்ஜென்டினாவும் வந்து கற்றுத் தரட்டும் என்று அதனை விட்டுவிடலாம். கபடி யாருடைய ஆட்டம்? அதற்குமா நமக்கு ஆள் பஞ்சம்?

2014இல் எட்டு அணிகளோடு தொடங்கிய புரோ கபடிப் போட்டியில் 2017இல் "தமிழ் தலைவாஸ்" என்ற அணி சேர்ந்தது. பெயரில் தமிழ் இருந்தது. தலைவராக வந்தவர் இமாசலப் பிரதேசத்து அஜய் தாக்கூர். அவர் சிறந்த ஆட்டக்காரர் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. 2019ஆம் ஆண்டில் அவரோடு ராகுல் சவுத்ரி, மஞ்சித் சில்லார் என்று இந்தியாவே அறிந்த பெயர்களையும் அவ்வணி ஒன்று திரட்டியது. முடிவு? 12 அணிகளில் கடைசி இடம். பெயர்களை அடுக்கினால் பெயர்ப்பலகை ஆகலாம், அணி ஆகிவிடாது.

எதிர்த்தரப்பினர் சொல்வதையும் கேட்போம். "நல்ல ஆட்டத்தைப் பார்த்தால்தானே நம் பையன்களுக்கும் ஆர்வம் வரும்? வெளியூர் ஆட்டக்காரர் வராவிட்டால் கூட்டம் வராது, கூட்டம் வராவிட்டால் நன்கொடை வராது, நன்கொடை இல்லாமல் போட்டியே இல்லை" என்பர். இதில் உண்மை இருக்கிறது. மேலும், வெளியாள் என்று நாம் விரலை நீட்டுமுன் ஒன்றை நினைத்துப் பார்க்க வேண்டும். 2016இல் பாட்னா பைரேட்ஸ் அணி கோப்பை வென்றபோது அதன் தலைவராக நின்றவர் நம் தஞ்சை மாவட்டத்துத் தர்மராஜ் சேரலாதன். நாற்பதைத் தாண்டிய வயதில் அவர் பிடித்த பிடிகளைக் கண்டு பீகார்க்காரர்கள் துள்ளிக் குதித்தார்கள். அங்கே அவர் வெளியாள்தானே? நம் பையன் அடுத்த ஊருக்குப் போனால் பெருமை, அடுத்த ஊர்ப் பையன் நம் ஊருக்கு வந்தால் குறை என்று பேசுவது நியாயமாகாது. இரவுக் கூலிக்கு நம் ஊரில் ஆட வருகிற அந்த இளைஞனும் ஏதோ ஓர் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைதான். விளையாட்டை நம்பிப் படிப்பை விட்டு, வேலைக்குக் காத்திருந்து, முட்டியில் துணியைச் சுற்றிக்கொண்டு ஊர் ஊராய்ப் போகிறவன். அவன்மீது எனக்குக் கோபமில்லை.

என் வழக்கு வேறு. வந்தவர் போகும்போது எதை விட்டுவிட்டுப் போகிறார் என்பதே கேள்வி.

2018இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியைச் சற்று நினைவுகூர்வோம். 1990இல் பெய்ஜிங்கில் கபடி ஆசியப் போட்டியில் சேர்க்கப்பட்ட நாள்தொட்டு 2014 வரை ஏழு முறையும் ஆடவர் தங்கம் இந்தியாவுக்கே. அந்தத் தங்க வரிசையில் தமிழ்நாட்டுக்கும் பங்குண்டு. 1994இல் ஹிரோஷிமாவில் வென்ற அணியில் ஆடிய மணத்தி கணேசன், தூத்துக்குடிச் சீமையின் ஒரு சிற்றூரிலிருந்து புறப்பட்டவர். ஆனால் ஜகார்த்தாவில் முதலில் தென்கொரியா 24-23 என்று இந்தியாவை வென்றது. அரையிறுதியில் ஈரான் 27-18 என்று தோற்கடித்தது. நாடே திகைத்தது. ஈரான் அணித் தலைவர் ஃபாசல் அத்ராசலி நமக்குப் புதியவரா? இல்லை. 2015 முதல் நம் நாட்டு அணிகளுக்கு ஆடி, இங்கேயே சம்பளம் வாங்கி, நம்மவர் எந்தக் காலை எப்போது வைப்பர் என்பதைக் களத்திலேயே படித்தவர். தென்கொரியாவின் ஜாங் குன் லீயும் அப்படியே. ஈரானியர் அதற்கு முன்பும் சளைத்தவர்களல்லர். 2014இல் இஞ்சியோனில் இறுதியாட்டத்தில் இரண்டே புள்ளியில்தான் (27-25) நம்மிடம் தோற்றார்கள். ஆயினும் எஞ்சியிருந்த அந்த இரண்டு புள்ளியை நாமே காசு கொடுத்துக் கற்றுக் கொடுத்தோம் என்றால் மிகையன்று. களத்தில் நிற்பவன் வளர்கிறான். வெளியே தண்ணீர்க் குடம் வைத்திருப்பவன் வளர்வதில்லை.

அதே ஜகார்த்தாவில் பெண்கள் இறுதியாட்டம் இன்னும் பெரிய பாடம். ஈரான் பெண்கள் 27-24 என்று இந்தியப் பெண்களை வென்று தங்கம் பெற்றனர். அவர்களுக்குப் பயிற்சி அளித்தவர் யார் தெரியுமா? மகாராஷ்டிரத்து நாசிக் நகரைச் சேர்ந்த சைலஜா ஜெயின்! இந்திய அணி அவரைப் பயிற்சியாளராகக் கொள்ளவில்லை. ஈரான் கூப்பிட்டு வைத்துக்கொண்டது. நம் உள்ளூர் மாடு அயலூர்ச் சந்தையில் நல்ல விலைக்குப் போனது. இங்கேதான் வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். ஈரான் செலவு செய்து வெளியாளை வரவழைத்ததா? ஆம். ஆனால் ஆடுவதற்கு வரவழைக்கவில்லை, கற்பிப்பதற்கு வரவழைத்தது. அவர் நாடு திரும்பும்போது கற்பித்ததைத் தம் பெட்டியில் வைத்து எடுத்துவர முடியாது. அது அங்கே, அந்தப் பெண்களின் கையிலும் காலிலும் தங்கிவிட்டது.

தமிழ் தலைவாஸின் பிற்கதையும் இதற்குச் சான்று. 2022இல் பவன் செராவத்தை 2 கோடியே 26 லட்சம் ரூபாய்க்கு எடுத்தனர். முதல் ஆட்டத்திலேயே அவருக்கு முழங்காலில் அடி; அந்தப் பருவம் முழுவதும் அவர் ஆடவில்லை. கதை முடிந்தது என்று எல்லாரும் நினைத்தனர். ஆனால் இளம் வீரர்களுக்கான திட்டத்தில் சேர்க்கப்பட்டிருந்த நரேந்தர் என்ற பையன் பாடிப்போகத் தொடங்கினான். அந்த ஒரே பருவத்தில் 240க்கும் மேற்பட்ட புள்ளிகளை எடுத்தான். அணி முதன்முறையாக அரையிறுதிக்குப் போயிற்று. நரேந்தரும் அரியானாக்காரர்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. நான் காட்ட விரும்புவது, பெரிய மரம் சாய்ந்தால்தான் கன்றுக்கு வெயில் கிடைக்கிறது என்ற நிலையை. பவன் நலமாக இருந்திருந்தால் நரேந்தர் அவ்வளவு முறை பாடிப் போயிருப்பாரா?

கால்பந்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். 2014இல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோது களத்தில் நிற்கும் பதினொருவரில் ஆறு பேர் வரை வெளிநாட்டவராக இருக்கலாம் என்று விதித்தனர். 2017இல் அது ஐந்தாயிற்று, 2021இல் நான்காயிற்று. கோல் அடிக்கும் இடத்துக்குப் பெரும்பாலும் வெளிநாட்டவரையே வாங்கிப் போட்டனர். விளைவு என்ன? 2024இல் ஓய்வு பெற்ற சுனில் சேத்ரியை 2025 மார்ச்சில், நாற்பது வயதில், நாட்டுக்காக மீண்டும் களத்துக்கு அழைக்க வேண்டியதாயிற்று.

நமக்குப் பக்கத்திலேயே ஒரு நல்ல வழிகாட்டி இருக்கிறது. கோவில்பட்டி! தீப்பெட்டிக்கும் கடலை மிட்டாய்க்கும் பெயர்போன அந்தக் கரிசல் ஊருக்கு ஹாக்கி என்றால் உயிர். அங்கே இலட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பைக்கான அகில இந்திய ஹாக்கிப் போட்டி நடக்கிறது. வடக்கேயிருந்தும் பெரிய பெரிய அணிகள் வருகின்றன. ஆனால் அவர்கள் கோவில்பட்டியின் பெயரில் ஆட வருவதில்லை. அவரவர் அணியின் பெயரில் ஆட வருகிறார்கள். உள்ளூர்ப் பையன்கள் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணால் படித்துக்கொள்கிறார்கள். மறுநாள் காலையில் தம் மட்டையை எடுத்துக்கொண்டு அதே திடலில் இறங்குகிறார்கள். அரசின் பயிற்சி விடுதியும் அங்கே அமைந்தது. அவ்வூர் மாரீஸ்வரனும், அரியலூரிலிருந்து வந்து அங்கே தங்கிக் கற்ற கார்த்தியும் 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்காக ஆடினார்கள். பாகிஸ்தானுக்கு எதிரான ஆட்டத்தில் கார்த்தி கோல் அடித்தார். அரியலூர்ப் பையனும் கோவில்பட்டிக்கு வெளியாள்தான். அவரை ஓர் இரவுக்கு வாங்கவில்லை, ஆண்டுக்கணக்கில் வளர்த்தார்கள்.

சென்னைக் கண்ணகி நகரையும் சொல்லாமல் விட முடியாது. நகரத்திலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட ஏழை மக்களைக் கொண்டுபோய்க் குடிவைத்த இடம் அது. அந்தக் கண்ணகி நகர்க் கார்த்திகா, 2025 அக்டோபரில் பக்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியின் துணைத் தலைவி. தமிழக அரசு 25 இலட்ச ரூபாய் வழங்கிப் பாராட்டியது. பாராட்டு பிறகு வந்தது. களம் முதலில் இருந்தது. நம் வட்டாரத்துப் போட்டிகளில் பெண்களுக்கென்று ஓர் ஆட்டமாவது வைக்கிறோமா? நான் பார்த்தவரை, பரிசு வழங்கும் மேடையில் தாம்பாளம் ஏந்தத்தான் அவர்களைக் கூப்பிடுகிறோம்.

இனி நம் நிலை. வானம் பார்த்த பூமி இது. பருத்தியும் கம்பும் பொய்த்த ஆண்டில் பிள்ளைகள் சிவகாசிக்கும் திருப்பூருக்கும் பேருந்து ஏறுகிறார்கள். நெசவுக் குடும்பத்துப் பிள்ளைக்குத் தறி காத்திருக்கிறது. இப்படிப்பட்ட ஊரில் விளையாட்டு வெறும் பொழுதுபோக்கன்று. சான்றிதழ் ஒன்று கையிலிருந்தால் காவல் துறையிலோ இரயில்வேயிலோ மின்வாரியத்திலோ விளையாட்டு ஒதுக்கீட்டில் மனுப் போடலாம். அச்சான்றிதழை நோக்கிய பாதையில் மாவட்ட அணியும் பல்கலைக்கழக அணியும் முக்கியமான படிகள். மாவட்ட அணித் தேர்வுக்குப் போகிற பையனுக்குக் கூட்டத்துக்கு நடுவே, விளக்கொளியில், வலுவான எதிரணியின் முன் ஆடிப் பழக்கம் வேண்டும். அந்தப் பழக்கம் கிடைக்கக்கூடிய ஒரே இடம் ஊர்ப் பொங்கல் போட்டி. அந்த ஒரே இடத்தையும் ஓர் இரவுக் கோப்பைக்காகப் பிடுங்கி அயலூரானுக்குக் கொடுத்துவிடுகிறோம். அதுதான் என் மனத்தாங்கல்.

ஆகவே விழாக் குழுப் பெரியவர்களுக்கு என் கருத்து இது. எழுவரில் ஐவர் அந்த ஊரிலோ பக்கத்து ஊரிலோ குடியிருப்பவராக இருக்க வேண்டும் என்று துண்டறிக்கையிலேயே அச்சிடுங்கள். இருவர் வெளியிலிருந்து வரட்டும், தடையில்லை. ஆனால் போட்டிக்கு ஒரு வாரம் முன்னதாகவே வந்து தங்கிப் பையன்களோடு பழகி ஆட வேண்டும். சோறு போடுவதற்கு நம் ஊரில் வீடா இல்லை? பேசிய கூலியில் பாதியை அந்த ஒரு வாரத்துக்குக் கொடுங்கள். அடுத்து, 55 கிலோ எடைக்குட்பட்டோர் ஆட்டத்தைப் பெரியவர்கள் ஆட்டத்துக்கு முன் ஒப்புக்கு நடத்தி முடிக்காமல், கூட்டம் நிறைந்திருக்கும் நேரத்தில் நடத்துங்கள். வெளியூர் அணிகளை அவரவர் பெயரிலேயே ஆட வரச் சொல்லுங்கள்; அவர்களோடு மோதித் தோற்றாலும் நம் பிள்ளைகள் தோற்கட்டும். முதல் இரண்டு ஆண்டு கோப்பை போகும். போகட்டுமே.

நம் கல்லூரிக்கும் இதில் பங்குண்டு. பள்ளியில் நன்றாக ஆடிய பையனைப் பணமுள்ள கல்லூரிகள் விடுதி இலவசம், கட்டணம் இலவசம் என்று அழைத்துக்கொண்டு போகின்றன. அரசுக் கல்லூரியால் அந்த ஏலத்தில் நிற்க முடியாது, நிற்கவும் வேண்டாம். நம்மிடம் எஞ்சுவது, இதுவரை யார் கண்ணிலும் படாத பையன்களும் பெண்களும். அவர்களில் பலர் திருச்சுழிப் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து வருபவர்கள். வகுப்பு முடிந்ததும் பேருந்தைப் பிடிக்க ஓடுகிறார்கள். அதை விட்டால் அடுத்தது எப்போதென்று சொல்ல முடியாது. அதனால் மாலைப் பயிற்சி என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் நகரத்து மாணவர் பத்துப் பேர்தான் வருகிறார்கள், அந்தப் பத்துப் பேரிலிருந்துதான் அணி தேர்வாகிறது. உடற்கல்வித் துறையும் ஆசிரியப் பெருமக்களும் வாரத்தில் இரு நாள்களாவது பயிற்சியைக் காலையில், முதல் பாடவேளைக்கு முன்பு வைத்தால், முதல் பேருந்தில் வந்திறங்குகிற அந்தப் பிள்ளைகளையும் களத்தில் பார்க்கலாம்.