குண்டு ஒண்ணு என்ன விலை?

காஸ்ட் அக்கவுண்டிங் படிக்க உட்கார்ந்தால் யூட்யூப் திறந்துகொள்வது எனக்கு மட்டும்தானா, இல்லை எல்லா பி.காம் பிள்ளைகளுக்குமா? இந்தத் தடவை மாட்டியது ஒரு அமெரிக்கர். தன்னுடைய செமி-ஆட்டோமேட்டிக் ரைபிளுக்கு எந்தத் தோட்டா மலிவு என்று அரை மணி நேரம் பேசுகிறார். பித்தளைக் கூடா, இரும்புக் கூடா? ரஷ்யத் தோட்டாவுக்குப் புது இறக்குமதி அனுமதி தருவதை 2021-ல் அவர்கள் அரசு நிறுத்தியதில் விலை எவ்வளவு ஏறியது? நம்ம ஊர்ச் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்குவது போலப் பேசுகிறார் மனிதர்.

நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். காவாந்தண்டலத்தில் துப்பாக்கி என்றால் திருவிழாவில் பலூன் சுடுகிற துப்பாக்கிதான். காலேஜில் என்.சி.சி.யில் சேர்ந்தவர்களுக்கு மட்டும் கூடுதலாக ஒன்று தெரியும்: .22 ரைபிள். கேம்ப்பில் படுத்துக்கொண்டு கையில் எண்ணிக் கொடுத்த சில ரவுண்டைச் சுட்டுவிட்டு, காலிக் கூட்டையும் எண்ணி ஒப்படைக்க வேண்டும். ஒரு கூடு குறைந்தால் புல்லில் தவழ்ந்து தேடியாக வேண்டும். அந்தச் சின்னப் பித்தளைக் கூட்டுக்கு இத்தனை மரியாதையா என்று அன்றைக்குத் தோன்றியது. மரியாதைக்குக் காரணம் கணக்கும் சட்டமும். விலையும் ஒரு காரணம்தான் என்பது பிறகு புரிந்தது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். அந்த அமெரிக்கர் வைத்திருக்கும் மாதிரித் துப்பாக்கி நம்ம ஊர் விளையாட்டு வீரர்களின் விஷயமே இல்லை. ஒலிம்பிக்கில் ரைபிள் போட்டி என்றால் 10 மீட்டர் ஏர் ரைபிளும் 50 மீட்டர் .22 ரைபிளும்தான். இரண்டிலும் ஒவ்வொரு குண்டாகப் போட்டுச் சுட வேண்டும். செமி-ஆட்டோமேட்டிக் வருவது 25 மீட்டர் பிஸ்டலில். 2012 லண்டனில் விஜய்குமார் வெள்ளி வாங்கினாரே, அந்த ரேபிட் ஃபயர் பிரிவு. அங்கே ஐந்து குண்டை 8 விநாடி, 6 விநாடி, கடைசியில் 4 விநாடிக்குள் சுட வேண்டும். அடுத்த குண்டை அறைக்குள் ஏற்றுவது முந்தைய குண்டின் உதைதான். எனவே மட்டமான தோட்டாவில் மருந்து கொஞ்சம் கூடக் குறைய இருந்தால், குறி தப்புவதற்கு முன்னால் துப்பாக்கியே சிக்கி நின்றுவிடும். ஆக செமி-ஆட்டோமேட்டிக்கில் மலிவு என்பதற்கு முதல் நிபந்தனை, பெட்டியில் இருக்கும் ஐம்பதும் நிற்காமல் ஓட வேண்டும். விலை அதற்கப்புறம்தான்.

சரி, ரைபிளுக்கு வருவோம். நான் சொல்ல வந்ததே இங்கேதான் இருக்கிறது.

.22 தோட்டாவில் விலை வித்தியாசம் பயங்கரம். இங்கிலாந்தின் ஈலி டெனெக்ஸ், ஜெர்மனியின் ஆர்.டபிள்யூ.எஸ். ஆர்-50, லாபுவா எக்ஸ்-ஆக்ட் எல்லாம் உச்சத்தில். அதற்குக் கீழே பயிற்சித் தோட்டாக்கள் படிப்படியாக இறங்கும். வேடிக்கை என்னவென்றால், லாபுவாவின் .22 தோட்டாவும் அதைவிட மலிவான எஸ்.கே. தோட்டாவும் ஜெர்மனியில் ஷோனெபெக் என்ற ஒரே ஊரில், ஒரே ஆலையில்தான் தயாராகின்றன. தறிக்காரர் வீட்டில் நெய்த சேலைக்குக் கடையில் போடும் விலைச்சீட்டு ஞாபகம் வருகிறதா? காஞ்சிபுரத்துக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம் :-) ஆனால் இங்கே விலைச்சீட்டு மட்டும் வித்தியாசம் இல்லை. மருந்து அளவு, குண்டின் எடை, வேகம் எல்லாம் ஒன்றுக்கொன்று எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதற்குத்தான் அந்தக் காசு.

அந்த ஒற்றுமைக்கு எவ்வளவு கொடுக்கலாம்? இங்கேதான் நம்ம பிசினஸ் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் வாத்தியாருக்கு ஒரு கும்பிடு போட வேண்டும். (வகுப்பில் தூங்கியவர்கள் மன்னிக்க.)

50 மீட்டர் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர். குண்டின் விட்டம் 5.6. கோட்டைத் தொட்டாலே புள்ளி உண்டு. ஆகவே குண்டின் மையம் நடுப்புள்ளியிலிருந்து 8 மில்லிமீட்டருக்குள் விழுந்தால் பத்து. அதாவது 16 மில்லிமீட்டர் அகல வட்டம், ஒரு சின்ன பொத்தான் அளவு.

இப்போது சிதறல் இரண்டு இடத்திலிருந்து வருகிறது. ஒன்று சுடுகிறவரின் கை, மூச்சு, விரல். இன்னொன்று தோட்டா. இரண்டும் ஒன்றையொன்று சாராதவை என்பதால் அப்படியே கூட்டக் கூடாது. வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். மாறுபாட்டுக் கூட்டல் என்று நாம் நெட்டுரு போட்டது இதுதான்.

ஒரு உதாரணத்துக்கு, மலிவுத் தோட்டாவின் சிதறல் 25 மில்லிமீட்டர், விலை கூடியதின் சிதறல் 15 என்று வைத்துக்கொள்வோம். புதிதாகக் கற்கும் பையனின் ஆட்டம் மட்டும் 60 மில்லிமீட்டர். மலிவில் சுட்டால் மொத்தச் சிதறல் 65. விலை கூடியதில் சுட்டால் சுமார் 62. வித்தியாசம் வெறும் 3 மில்லிமீட்டர்! அதே இரண்டு தோட்டாவையும் கை நன்றாகப் பழகிய, ஆட்டம் 15-க்கு இறங்கிய ஒருவரிடம் கொடுங்கள். மலிவில் 29, விலை கூடியதில் 21. வித்தியாசம் 8 மில்லிமீட்டர். பத்துப் புள்ளியே 16 மில்லிமீட்டர் வட்டம் என்பதை மறக்காதீர்கள். அவருக்கு அது மாநில அணிக்கும் வீட்டுக்கும் உள்ள தூரம்.

ஆக, எந்தத் தோட்டா மலிவு என்ற கேள்விக்கு யாருக்கு என்று கேட்காமல் பதில் இல்லை. ஒரே பெட்டி ஒருவருக்கு ஊதாரித்தனம், இன்னொருவருக்கு முதலீடு. கற்றுக்கொள்ளும் பிள்ளைக்கு அந்த உச்சத் தோட்டாவை வாங்கிக் கொடுக்கும் பெற்றோர் 3 மில்லிமீட்டருக்குப் பணத்தைக் கொட்டுகிறார்கள். அதே பணத்தில் மலிவுத் தோட்டா இரண்டு பங்கு வாங்கிச் சுட வைத்தால் அந்த 60 வேகமாகக் குறையும். வருஷக் கணக்கும் போட்டுப் பாருங்கள். ஒரு நாளைக்கு 80 குண்டு, வாரம் 5 நாள், வருஷம் 45 வாரம்: 18,000 குண்டு. ஒரு குண்டுக்குப் பத்து ரூபாய் வித்தியாசம் என்றாலும் 1,80,000 ரூபாய். நம்ம பக்கம் பல வீடுகளில் அது இரண்டு போக நெல்லுக்குக் கூடக் கிடைக்காத பணம்.

இன்னும் மலிவான தோட்டா ஒன்று உண்டு. தோட்டாவே இல்லாமல் சுடுவது! குறி பார்த்து, மூச்சடக்கி, விசையை மட்டும் இழுக்கும் பயிற்சி. பெரிய வீரர்களும் தினமும் செய்கிறார்கள். ஏர் ரைபிள்களில் அதற்கென்றே வசதி இருக்கிறது. .22-ல் மட்டும் வெறும் அறையில் ஊசியை அடிக்க விடக் கூடாது. சில துப்பாக்கிகளில் அறையின் விளிம்பு கெட்டுப் போகும். போலித் தோட்டா போட்டுக்கொள்ள வேண்டும்.

மலிவு என்று ஏமாறும் இடங்களும் இருக்கின்றன. அதிவேகம் என்று பெட்டியில் போட்டிருப்பதைப் பார்த்து மயங்குவது ஒன்று. ஒலியின் வேகத்தைத் தாண்டிக் கிளம்பும் குண்டு, போகும் வழியில் வேகம் குறைந்து அந்த எல்லையைத் திரும்பக் கடக்கும்போது தடுமாறும். போட்டித் தோட்டாக்கள் வேண்டுமென்றே ஒலி வேகத்துக்குக் கீழேதான் செய்யப்படுகின்றன. சுட்ட கூட்டில் மறுபடி மருந்து நிரப்பி மிச்சம் பிடிக்கலாம் என்று யாராவது சொன்னால் கும்பிட்டுவிட்டு நகருங்கள். .22-ல் பற்றவைக்கும் மருந்து கூட்டின் விளிம்புக்குள்ளேயே இருக்கிறது. அதில் அந்த வேலை நடக்காது. மூன்றாவது, பெயரைப் பார்த்து வாங்கி லாட் எண்ணைப் பார்க்காமல் விடுவது. ஒரே பெயர், ஒரே விலை, இரண்டு லாட். உங்கள் குழலுக்கு ஒன்று பிடிக்கும், ஒன்று பிடிக்காது. அதனால்தான் ஈலியும் லாபுவாவும் வீரர்கள் துப்பாக்கியோடு வந்து லாட் லாட்டாகச் சோதித்துப் பார்க்கத் தனி இடமே நடத்துகின்றன. நடுத்தர விலைத் தோட்டாவில் குழலுக்குப் பொருந்திய லாட் கிடைத்தால், பொருந்தாத உச்ச விலைத் தோட்டாவை அது தோற்கடித்துவிடும். இதுதான் உண்மையான மலிவு.

ஆனால் லாட் பார்த்து வாங்க, கடையில் நாலு லாட் இருக்க வேண்டுமே! இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. .22-க்கு உரிமம் வேண்டும், அதில் தோட்டாவுக்கு அளவு உண்டு. 2020-ல் மத்திய அரசு வீரர்கள் வருஷத்துக்கு வாங்கக்கூடிய அளவைக் கணிசமாக உயர்த்தியது. நல்லதுதான். ஆனால் அனுமதி உயர்ந்தால் பர்ஸ் உயருமா? பெயர் பெற்ற வீரருக்கு இறக்குமதிச் சலுகை உண்டு. பெயர் பெறுவதற்கு முன்னால் சுட வேண்டிய பல ஆயிரம் குண்டுக்கு என்ன வழி?

2024 பாரிஸில் 50 மீட்டர் ரைபிள் மூன்று நிலைப் போட்டியில் வெண்கலம் வாங்கிய ஸ்வப்னில் குசாலேவைப் பாருங்கள். கோலாப்பூர் பக்கத்துக் கிராமம், ஆசிரியர் வீட்டுப் பிள்ளை, பதக்கம் வாங்கியபோது ரயில்வே டிக்கெட் பரிசோதகர். அவர் தோட்டாவுக்காக அப்பா கடன் வாங்கினார் என்று பதக்கம் வந்த பிறகு பத்திரிகைகள் உருகி உருகி எழுதின. எனக்கு அதைப் படித்துப் பெருமை வரவில்லை. கடன் கொடுக்க ஆள் கிடைக்காத அப்பாக்களின் பிள்ளைகள் எங்கே போனார்கள் என்றுதான் தோன்றியது. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் குஜராத்தில் வளர்ந்து, அங்கே ககன் நாரங்கின் அகாடமி வழியாக உலகக் கோப்பைத் தங்கம் வரை போனார். சந்தோஷம். நம்ம மாவட்டத்திலேயே இருந்திருந்தால்?

நம் பாடத்தில் மூலதனச் செலவு, வருவாய்ச் செலவு என்று இரண்டு இருக்கிறதே, உதவி செய்கிறவர்கள் எல்லோருக்கும் மூலதனச் செலவின் மேல்தான் காதல். ரைபிள் வாங்கிக் கொடுத்தால் போட்டோ எடுக்கலாம், மாலை போடலாம். பெல்லட் டப்பாவுக்கு யார் மாலை போடுவார்கள்? ஆனால் ரைபிள் பல வருஷம் உழைக்கும். தோட்டா சாயங்காலத்துக்குள் தீர்ந்துவிடும். மூலையில் சும்மா நிற்கும் ரைபிளுக்குத் தேய்மானம் மட்டும் கணக்கில் ஏறும்.

2023-ல் தமிழக அரசு சாம்பியன்ஸ் அறக்கட்டளை என்று ஒன்றைத் தொடங்கியது. அதிலோ விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்திலோ ஒரு சின்ன வேலை செய்யலாம். மாநிலம் முழுக்கப் பயிற்சி பெறும் ஜூனியர்களின் தேவையைச் சேர்த்து, நடுத்தரத் தரத் தோட்டாவை நாலைந்து லாட்டாக மொத்தமாக வாங்குவது. சென்னையில் ஒரு நாள் வைத்து ஒவ்வொரு பிள்ளையின் துப்பாக்கிக்கும் எது பொருந்துகிறது என்று சோதித்து, அந்த லாட்டையே உரிமக் கணக்கின்படி வருஷம் முழுக்கக் கொடுப்பது. ரேஷன் கடையும் பாடநூல் கழகமும் நடத்தத் தெரிந்த மாநிலத்துக்கு இது பெரிய வித்தையா என்ன? உள்நாட்டுத் தயாரிப்பு இன்னொரு வழி. ஆலைகள் பழைய படைக்கலத் தொழிற்சாலை வாரியத்திலிருந்து பிரிந்து 2021-ல் கம்பெனிகள் ஆகிவிட்டன. தோட்டா வேலை மியூனிஷன்ஸ் இந்தியா கையில். பயிற்சிக்கு ஏற்ற, லாட்டுக்கு லாட் மாறாத .22 ஒன்றை அவர்கள் கொடுத்தால் போதும். டெனெக்ஸ் வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. மேலே போட்ட கணக்கை வைத்து 25 மில்லிமீட்டரே போதும் என்கிறேன்.

அதுவரை நம்ம பக்கத்துப் பிள்ளைகள் ஏர் ரைபிளில் தொடங்குவதுதான் புத்திசாலித்தனம். 4.5 மில்லிமீட்டர் குழல், 20 ஜூலுக்கு மிகாத சக்தி என்றால் உரிமம் தேவையில்லை. பெல்லட்டில் வெடிமருந்து கிடையாது, உள்நாட்டிலேயே செய்கிறார்கள். முதல் வருஷத்துக்கு அது தாராளம். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், அது ஈயம். டப்பாவை ஈரம் படாத இடத்தில் வையுங்கள், வெள்ளை பூத்தால் வீண்.

உங்கள் ஊர் ரைபிள் கிளப்பில் ஒரு .22 ரவுண்டுக்கு என்ன வாங்குகிறார்கள், எந்த லாட் என்று சொல்கிறார்களா இல்லையா? தெரிந்தவர்கள் பின்னூட்டத்தில் எழுதுங்கள். எழுதினால் மாவட்டவாரியாக ஒரு பட்டியல் போடுவேன். திங்கட்கிழமை காஸ்ட் அக்கவுண்டிங் பரீட்சை, அதற்கப்புறம்தான் :-)