சுருங்கும் மரக்கால்: வானூர்திப் புள்ளிகளும் பள்ளி விடுமுறையும்



தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் கூடும் இடத்தில் வானூர்திப் புள்ளிகளைப் பற்றிப் பேச்சு எழாத நாள் அரிது. எந்த வங்கியின் கடன்பற்று அட்டைக்கு எத்தனை புள்ளி, எத்தனை சேர்ந்தால் திருச்சிக்குப் போகலாம், யாருடைய புள்ளி எந்த மாதம் காலாவதியாகிறது என்று கணிதப் பாடத்திற்கு ஈடான கணக்குகள் அங்கே நடக்கின்றன. ஜொகூர்வாசிகளான நமக்கு இதில் கூடுதல் ஈடுபாடு உண்டு. செனாயில் ஏறலாம், கோலாலம்பூர் சென்று ஏறலாம், பாலத்தைக் கடந்து சாங்கியிலும் ஏறலாம். ஆகவே மலேசியா ஏர்லைன்சின் என்ரிச், சிங்கப்பூர் ஏர்லைன்சின் கிரிஸ்ஃபிளையர் ஆகிய இரண்டிலும் கணக்கு வைத்திருப்போர் நம்மிடையே பலர். இவ்வளவு அக்கறையோடு நாம் சேர்க்கும் புள்ளிக்கு என்ன கிடைக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லும் வழக்கம் மறைந்து வருகிறது. என் சினத்திற்குக் காரணம் அதுதான்.

அறியாதோருக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1981ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 'ஏஅட்வான்டேஜ்' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. எங்களோடு எவ்வளவு தொலைவு பறந்தீர்களோ அதைக் குறித்து வைப்போம், குறித்த அளவு சேர்ந்ததும் ஒரு பயணச்சீட்டு தருவோம் என்பதே அதன் சாரம். உலகமெங்கும் இந்த முறை பரவியது. கிரிஸ்ஃபிளையர் 1999இல் வந்தது. இத்தகைய திட்டங்கள் பலவற்றுக்கு அடிப்படையாக இருந்தது ஓர் அட்டவணை. உலகத்தை வட்டாரங்களாகப் பிரித்து, இங்கிருந்து அங்கே செல்ல இத்தனை மைல் என்று வெளிப்படையாக எழுதி வைத்திருந்தார்கள். பெரும்பாலும் மார்ச்சுக்கும் டிசம்பருக்கும் ஒரே எண்தான்.

2015 பிப்ரவரியில் டெல்டா ஏர்லைன்ஸ் அந்த அட்டவணையைத் தன் வலைத்தளத்திலிருந்தே எடுத்துவிட்டது. 2019இல் யுனைடெட்டும் அவ்வழியே சென்றது. 2025 நவம்பர் 1ஆம் நாள் அந்த அலை சாங்கிக்கும் வந்து சேர்ந்தது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 'சேவர்', 'அட்வான்டேஜ்' என்னும் நிலையான விலைகளை வைத்துக்கொண்டே, 'ஆக்சஸ்' என்ற மூன்றாவது வகையைக் கொண்டுவந்தது. அதற்கு அட்டவணை கிடையாது. தேவைக்கேற்ப மைல் கணக்கு ஏறும், இறங்கும். நிலையான விலைகளும் பல வழித்தடங்களில் அதே நாளில் உயர்ந்தன. "அட்டவணையை முழுதாக எடுத்துவிடவில்லையே" என்று நண்பர் ஒருவர் அமைதி கூறினார். உண்மைதான், முழுதாக எடுக்கப்படும் வரை காத்திருந்து பிறகு பேசுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

இந்த மாற்றத்தின் அடி யார் மீது விழுகிறது என்று பாருங்கள். விலையை ஏற்றி இறக்கும் கணினி அறிந்தது தேவை ஒன்றையே. எந்த நாளில் அதிகமானோர் பறக்க விரும்புகிறார்களோ அந்த நாளில் அது விலையை ஏற்றும். அந்த நாள் எது? பள்ளி விடுமுறை நாள். அரசு ஊழியர்களில் பிறர் ஆண்டு விடுப்பை வேண்டிய மாதத்தில் எடுக்கலாம். ஆசிரியர்களாகிய நமக்குச் சில நாள் சிறப்பு விடுப்பைத் தவிர, பள்ளி விடுமுறையே விடுப்பு. பெற்றோரின் நிலையும் அதுவே. பிள்ளையைத் தவணை நடுவில் பத்து நாள் அழைத்துச் சென்றால் எச்சரிக்கைக் கடிதம் வரும். அதை அனுப்புகிறவர்களும் நாமேதாம்! 2026இல் பள்ளித் தவணை மீண்டும் ஜனவரிக்குத் திரும்பி, இரண்டாம் வாரத்தில் பள்ளி திறந்தது. பொங்கலை ஊரில் சென்று கொண்டாடுவது என்ற பேச்சே இதனோடு முடிந்தது. உறவினர் திருமணமோ, குலதெய்வ வழிபாடோ, பேரப்பிள்ளைகளை ஒருமுறை பார்த்துவிட ஏங்கும் முதியவரோ, எதுவாயினும் டிசம்பரில் அடங்க வேண்டும். அதே டிசம்பரில் சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்கும் விடுமுறை, கிறிஸ்துமசும் அப்போதுதான்.

ஒரு நிறுவனத்தின் தளத்தில் (பெயர் இங்கே வேண்டா) சென்னைக்குச் செல்லும் ஒரே வழித்தடத்திற்கு, ஒரே இரவில் இரண்டு நாள்களின் புள்ளி விலையைப் பார்த்தேன். ஒன்று ஆகஸ்டு நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை; மற்றொன்று ஆண்டிறுதி விடுமுறையின் முதல் சனிக்கிழமை. இரண்டாவது எண் முதலாவதைப் போல் இரண்டரை மடங்கு இருந்தது. அதே வானூர்தி, அதே இருக்கை, அதே சோற்றுப் பொட்டலம். செவ்வாய்க்கிழமை பறக்க வாய்ப்புள்ளவர் ஒருவர் சேர்த்த புள்ளியும், ஐந்தாம் ஆண்டு வகுப்பாசிரியர் ஒருவர் சேர்த்த புள்ளியும் பெயரளவில்தான் ஒன்று. நிலையான அட்டவணை என்பது, நினைத்த நாளில் விடுப்பெடுக்கக் கூடியவரும் பள்ளி நாட்காட்டிக்குக் கட்டுப்பட்டவரும் ஒரே விலைக்கு வரிசையில் நின்ற இடம். அந்த வரிசையைத்தான் கலைக்கிறார்கள்.

"இலவசமாகக் கிடைத்ததற்கு இவ்வளவு பேச்சா?" என்று கேட்போர் உண்டு. இது இலவசம் என்று நிறுவனங்களின் கணக்கேடே சொல்லவில்லை. மலேசியாவில் 2018 ஜனவரி 1 முதல் நடப்பிலுள்ள எம்எஃப்ஆர்எஸ் 15 என்னும் கணக்கியல் தரம் என்ன சொல்கிறது? பயணச்சீட்டு விற்கும்போது புள்ளியும் கொடுத்தால், வாங்கிய பணத்தில் ஒரு பகுதி அந்தப் புள்ளிக்கான விலையாகும். அதை உடனே வருமானமாகக் காட்டக் கூடாது. பயணி புள்ளியைப் பயன்படுத்தும்வரை கடமையாகத் தனியே நிறுத்தி வைக்க வேண்டும். அதாவது, புள்ளிக்கு நாம் காசு கொடுத்திருக்கிறோம் என்பது கணக்காளர் ஒப்புக்கொண்ட உண்மை. அட்டை வழியாக வரும் புள்ளியும் அப்படியே. வங்கி அதை வானூர்தி நிறுவனத்திடமிருந்து பணம் கொடுத்து வாங்குகிறது. அந்தப் பணம் நாம் கட்டும் ஆண்டுக் கட்டணத்திலிருந்தும், கடைக்காரரிடம் பிடிக்கும் கட்டணத்திலிருந்தும், தவணை தவறியோர் கட்டும் வட்டியிலிருந்தும் வருகிறது.

இது எவ்வளவு பெரிய வணிகம் என்பது பெருந்தொற்றுக் காலத்தில் வெளிப்பட்டது. 2020 ஜூனில் யுனைடெட் நிறுவனம் தன் மைலேஜ்பிளஸ் திட்டத்தை அடகு வைத்து 500 கோடி டாலர் கடன் திரட்ட முன்வந்தது. அத்திட்டத்தின் மதிப்பு ஏறத்தாழ 2,200 கோடி டாலர் என்று அந்நிறுவனமே கணக்குக் காட்டியது. அன்றைய பங்குச் சந்தையில் முழு நிறுவனத்தின் மதிப்பே அதைவிடக் குறைவு! வானூர்திகள் தரையில் நின்றபோதும் புள்ளிகள் விலைபோயின. கடன் கொடுப்பவனிடம் பொன் என்று காட்டிய பொருளை, சேர்த்தவனிடம் இலவசம் என்று சொல்வது என்ன நேர்மை?

நம் முன்னோர் நெல் அளந்த காலத்தில் சில பண்ணைகளில் இரண்டு மரக்கால் இருக்கும். வாங்கும்போது பெரிய மரக்கால்; கூலி அளக்கும்போது சிறிய மரக்கால். கூலிக்காரன் கண்ணுக்கு இரண்டும் மரக்காலே. 19ஆம் நூற்றாண்டில் இலங்கைக் காப்பித் தோட்டங்களில் தோட்டத்தின் பெயரையே பொறித்த உலோக வில்லைகள் புழங்கின. தோட்டத்திற்கு வெளியே அவற்றுக்கு என்ன மதிப்பு இருந்திருக்கும்? அந்த மக்களின் துயரத்தோடு நம் விடுமுறைக் கவலையை ஒப்பிடும் அளவுக்கு என் மதி மழுங்கவில்லை. கணக்கின் அமைப்பை மட்டும் ஒப்பிடுகிறேன். நாணயத்தை அடிப்பவனும் கடையை நடத்துபவனும் ஒருவனே ஆகும்போது, விலைச்சீட்டு ஒன்றுதான் வாங்குபவனுக்குக் காப்பு. அதையும் கழற்றிவிட்டால் என்ன மிஞ்சும்?

இதற்கு எதிராகச் சொல்லப்படுபவற்றுள் ஒன்றில் உண்மை உண்டு. அட்டவணையில் விலை இருக்கும், இருக்கை இருக்காது என்பது நாம் பட்டறிந்ததே. பள்ளி விடுமுறைக்கு 'சேவர்' இருக்கை கிடைக்காமல் காத்திருப்போர் பட்டியலில் கிடந்தவர்கள் நம்மில் உண்டு. மாறும் விலை வந்தால் கூடுதல் இருக்கைகள் திறக்கும் என்கிறார்கள், திறக்கத்தான் செய்கின்றன. ஆனால் எந்த விலையில் திறக்கின்றன? டிசம்பர் இருக்கைக்கு மும்மடங்கு கேட்டுவிட்டு, 'கதவு திறந்துதானே இருக்கிறது' என்றால் அது என்ன திறப்பு?

ரிங்கிட்டில் விற்கும் பயணச்சீட்டும் நாளுக்கு நாள் மாறுகிறதே என்பது இன்னொரு வாதம். மாறுகிறது. ஆனால் என் கையிலுள்ள ரிங்கிட்டை நான் ஒரு நிறுவனம் பிடிக்காவிட்டால் வேறு நிறுவனத்திடம் கொடுப்பேன். பேருந்தில் கோலாலம்பூர் போவேன். பிள்ளைக்கு மிதிவண்டி வாங்குவேன். அது காலாவதியாவதும் இல்லை. கிரிஸ்ஃபிளையர் மைலுக்கு ஆயுள் மூன்று ஆண்டு. வங்கியிலிருந்து ஒருமுறை மாற்றிய புள்ளியைத் திரும்ப வங்கிக்குக் கொண்டுவர வழியில்லை. வேறு கடைக்குப் போக முடியாத நாணயத்திற்கு நிலையான விலை வேண்டும் என்பது சலுகை கேட்பதாகாது.

வகுப்பறையில் நாம் எல்லோரும் நட்சத்திர ஒட்டுவில்லை வைத்திருக்கிறோம். பத்து நட்சத்திரம் சேர்த்தால் ஒரு கதைப்புத்தகம் என்று சுவரில் எழுதி ஒட்டுகிறோம். ஒரு பிள்ளை ஒன்பது சேர்த்த பிறகு, இந்த வாரம் நிறையப் பேர் புத்தகம் கேட்கிறார்கள், ஆகவே இருபத்திரண்டு வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள். இரண்டாம் ஆண்டுப் பிள்ளை எழுந்து, "டீச்சர், பத்துன்னுதானே சொன்னீங்க?" என்று கேட்கும். நாம் பதில் சொல்லியாக வேண்டும். அடுத்த தவணையிலிருந்து பன்னிரண்டு என்று முன்கூட்டியே அறிவிப்பதில் தவறில்லை. அதைப் பிள்ளைகள் ஏற்பார்கள். சேர்த்து முடித்தவற்றின் மீது புதிய விலையை ஏற்றுவதைத்தான் ஏற்கமாட்டார்கள். அவர்களுக்குத் தெரிந்தது நிறுவனங்களுக்கும் தெரியும். விதிமுறைகளின் அடியில், எப்போது வேண்டுமானாலும் மாற்றுவோம் என்று எழுதி வைத்திருப்பதால் அவர்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை, வேறுபாடு அவ்வளவுதான்.

அந்த ஒரு வரிக்கு நீதிமன்றத்தில் எவ்வளவு வலு என்பதை அமெரிக்க வழக்கு ஒன்று காட்டியது. நார்த்வெஸ்ட் நிறுவனம் தன்னைத் திட்டத்திலிருந்து நீக்கியது நேர்மையற்றது என்று யூத மதகுரு ஒருவர் தொடுத்த வழக்கை, 2014இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் ஒருமனதாகத் தள்ளியது. 1978ஆம் ஆண்டின் வானூர்திக் கட்டுப்பாட்டு நீக்கச் சட்டம் குறுக்கே நின்றது. அதன் பிறகு 2024 செப்டம்பரில் அமெரிக்கப் போக்குவரத்துத் துறை நான்கு பெரிய நிறுவனங்களிடம் விளக்கம் கேட்டது. சேர்த்த புள்ளியின் மதிப்பைக் குறைப்பதும், மறைவான அல்லது மாறும் விலை வைப்பதும் அதன் கேள்விகளில் இடம்பெற்றன. கேட்கவாவது கேட்டார்கள்.

நம் நாட்டில்? 2016ஆம் ஆண்டின் வான்பயணப் பயனீட்டாளர் பாதுகாப்பு விதித்தொகுப்பு தாமதம், ரத்து, பணத்தைத் திருப்பித் தருதல் என்று பயனுள்ள பலவற்றைச் செய்திருக்கிறது. 2024இல் அது திருத்தப்பட்டு, ஐந்து மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால் பணத்தைத் திரும்பப் பெறும் உரிமை வந்தது. அதை நடத்திய மாவ்கொம் ஆணையம் 2025 ஆகஸ்டு 1 முதல் பொது வான்போக்குவரத்து ஆணையத்தோடு இணைந்துவிட்டது. புதிய ஆணையம் இந்தப் புள்ளி விவகாரத்தைக் கையில் எடுக்க வேண்டும். 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் 2010ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழி நியாயமற்ற ஒப்பந்த விதிகளுக்கென்றே ஒரு பகுதி சேர்க்கப்பட்டது. ஒரு தரப்பு மட்டும் எப்போது வேண்டுமானாலும் விலையை மாற்றலாம் என்னும் விதி நியாயமானதா என்று அந்தப் பகுதியைக் கொண்டு கேட்க வேண்டும்.

நான் கேட்பது பெரிதன்று. மாறும் விலை வைத்தால் அதற்கு ஓர் உச்சவரம்பை வெளியிடுங்கள். எத்தனை தேவை வந்தாலும் இதற்கு மேல் போகாது என்று சொல்லுங்கள். மாற்றத்தை ஓராண்டு முன்னரே அறிவியுங்கள். அறிவிப்புக்கு முன் சேர்ந்த புள்ளியைப் பழைய விலைக்கே ஏற்றுக்கொள்ளுங்கள். பள்ளி நாட்காட்டியைக் கல்வி அமைச்சு முன்கூட்டியே வெளியிடுகிறது. அந்த நாள்களுக்கென்று சில இருக்கைகளை நிலையான விலையில் ஒதுக்கி வையுங்கள்.

அதுவரை பெற்றோரும் சக ஆசிரியர்களும் செய்யக்கூடியது உண்டு. வங்கியில் உள்ள புள்ளியை 'சிறப்புச் சலுகை' என்ற மின்னஞ்சலை நம்பி முன்கூட்டியே மைலாக மாற்றாதீர்கள். தேவையான நாளில் இருக்கையைக் கண்ட பிறகு மாற்றுங்கள். இரு நாட்டு நிறுவனங்களிலும் நாலைந்து ஆயிரம் என்று சிதறவிடாதீர்கள். பணமாகத் திரும்பத் தரும் அட்டையோடு உங்கள் அட்டையை ஒருமுறை உட்கார்ந்து ஒப்பிடுங்கள். புள்ளிக்காக மட்டும் ஒரு பொருளை வாங்குவதை அறவே விடுங்கள். புள்ளி விலை மாறியதைக் கண்டால், நாளோடு திரையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புகாருக்கு அதுவே சான்று.

வான்போக்குவரத்து ஆணையத்திற்கும் பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்திற்கும் அனுப்ப மலாயிலும் தமிழிலும் கடித வரைவுகள் எழுதி வைத்திருக்கிறேன். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்திற்கு வருவோர் அன்றே ஒரு படி பெற்றுக்கொள்ளலாம். கையெழுத்தும் திரைப்படங்களும் உங்களுடையவை. அஞ்சல் செலவு என்னுடையது.