காட்டுக் கணக்கை மேசைக்கு எடுத்து வையுங்கள்



கொஞ்சம் நீண்ட பதிவு. முசலியில் இருப்பவர்களும், முசலியை விட்டு வந்து இன்னும் புத்தளத்தில் இருக்கிற நம் உறவுகளும் முழுவதையும் வாசித்துவிட்டுக் கருத்து எழுதுங்கள். பாதியில் நின்று ஏசாதீர்கள்.

"வில்பத்து" என்ற சொல் கொஞ்ச காலத்துக்கு ஒருமுறை எங்கிருந்தோ கிளம்பி வரும். உடனே இரண்டு பக்கமும் படங்கள் பறக்கும். அவர்கள் புல்டோசர் நிற்கிற படத்தைப் போடுவார்கள். நாம் இடிந்த பள்ளிவாசல் சுவரையும் பாழடைந்த கிணற்றையும் போடுவோம். அவர்கள் "காட்டை அழித்துவிட்டார்கள்" என்பார்கள். நாம் "இது எங்கள் பாட்டன் பூட்டன் காணி" என்போம். நாலு நாள் போகும். வேறு பிரச்சினை வரும். எல்லோரும் அந்தப் பக்கம் போய்விடுவார்கள்.

இத்தனை வருடச் சண்டையில் யாராவது உருப்படியாக ஒரு கேள்வி கேட்டிருக்கிறோமா? "எந்த இடத்தில், எந்த வருடத்தில், என்ன மரம், எவ்வளவு இருந்தது? அளந்தது யார்? அளந்த கணக்கு எங்கே?" இந்தக் கேள்வியைக் கேட்காமல் செய்கிற போராட்டம் எல்லாம் வாய்ச்சண்டைதான்.

முதலில் நடந்ததை ஞாபகப்படுத்துகிறேன். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து சுமார் 75,000 முஸ்லிம்கள் விரட்டப்பட்டார்கள். நம் ஊர்களும் வெறிச்சோடின. 2009இல் யுத்தம் முடிந்த பிறகுதான் திரும்பி வர வழி பிறந்தது. இடையில் இருபது வருடம். வயலும் வளவும் அத்தனை காலமும் சும்மா கிடக்குமா? பற்றை ஏறியது, முள் ஏறியது, மரம் முளைத்தது. 2012இல் மறிச்சுக்கட்டி, கரடிக்குளி பகுதி வன ஒதுக்காக வர்த்தமானியில் வந்தது. 2017 மார்ச்சில் மாவில்லு பேணற்காடு என்று 40,030 ஹெக்டயர் அறிவிக்கப்பட்டது. 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம், கல்லாறு பகுதியில் காடு வெட்டப்பட்டது சட்டவிரோதம் என்றும், முன்னாள் அமைச்சர் ஒருவரின் செலவில் அங்கே மரம் நட வேண்டும் என்றும் தீர்ப்புச் சொன்னது.

அந்தத் தீர்ப்பைப் பற்றி வாதாட நான் இங்கே வரவில்லை. நான் கதைப்பது அதற்கு அடியில் கிடக்கிற விஷயம். "கொழும்பிலிருந்து ஜி.பி.எஸ். வைத்துக் கோடு கீறிவிட்டார்கள், களத்துக்கு வந்து பார்க்கவே இல்லை" என்று நம்மவர்கள் சொல்கிறார்கள். "முறையாக ஆய்வு செய்துதான் கீறினோம்" என்பது மறுபக்கத்தின் பதில். இரண்டில் ஒன்றுதான் உண்மையாக இருக்க முடியும். எது உண்மை என்று கண்டுபிடிக்க மார்க்க அறிஞரும் வேண்டாம், மந்திரியும் வேண்டாம். களக் குறிப்பையும் அளவீட்டையும் எல்லோரும் பார்க்கிற மாதிரி வெளியிட்டால் போதும். வர்த்தமானியில் எல்லை இருக்கும். அந்த எல்லைக்குள் நின்று எண்ணிய மரக் கணக்கு வர்த்தமானியில் இருக்காது.

நான் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவன். கணித வினாத்தாளில் ஒரு பிள்ளை விடையை மட்டும் எழுதி, படிமுறையை எழுதாவிட்டால் நாம் முழுப் புள்ளி கொடுப்பதில்லை. விடை சரியாகவே இருந்தாலும் "எப்படி வந்தது?" என்று கேட்போம். அப்படியிருக்க, ஆயிரக்கணக்கான குடும்பங்களின் காணியைத் தீர்மானிக்கிற அறிக்கையில் விடை மட்டும் இருந்தால் எப்படி முழுப் புள்ளி கொடுப்பது? சூழலியல் ஆய்வுக்குத் தரவுதான் படிமுறை. அறிக்கை வெறும் கடைசி வரி.

சிலர் உடனே கூகிள் ஏர்த்தைத் திறந்து பச்சையைக் காட்டுவார்கள். நல்லது. அதைக் காட்ட முடிவதே தரவு திறந்து கிடப்பதால்தான். 1972இலிருந்து அமெரிக்காவின் லான்ட்சாட் செய்மதிகள் பூமியைப் படம் பிடிக்கின்றன. முன்பு ஒரு காட்சிக்குச் சுமார் 600 டொலர் கேட்டார்கள். அந்தக் காசுக்கு நம்மில் யார் வாங்குவது? 2008இல் முழுக் களஞ்சியத்தையும் இலவசமாகத் திறந்தார்கள். நாளுக்கு ஐம்பது காட்சி அளவில் போய்க்கொண்டிருந்த இடத்தில், சில வருடத்திலேயே நாளுக்கு ஆயிரக்கணக்கில் தரவிறக்கினார்கள். 2013இல் மேரிலண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதே படங்களை வைத்து உலகம் முழுவதற்கும் வருடா வருடம் எங்கே காடு குறைந்தது என்று வரைபடம் செய்து, அதையும் இலவசமாக வெளியிட்டார்கள். இன்று சிலாவத்துறையில் இருக்கிற ஒரு பிள்ளை கைத்தொலைபேசியில் தன் ஊரின் பழைய படத்தைப் பார்க்கலாம். 1990ஐ ஒட்டிய காலத்துக் காட்சிகளும் அந்தக் களஞ்சியத்தில் இருக்கின்றன. யாரிடமும் கெஞ்சத் தேவையில்லை.

ஆனால் செய்மதிப் படம் எல்லாவற்றையும் சொல்லாது. லான்ட்சாட் படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் 30 மீற்றருக்கு 30 மீற்றர். நம் கணக்கில் கிட்டத்தட்ட 36 பேர்ச். ஒரு முழு வளவு அதற்குள் ஒரே நிறமாகிவிடும். இருபது வருடப் பற்றையும் அங்கே பச்சை, இருநூறு வருடக் காடும் பச்சை. வித்தியாசம் தெரிய வேண்டுமானால் ஒரு மனிதன் நாடாவை எடுத்துக்கொண்டு உள்ளே போக வேண்டும். ஒரு துண்டு நிலத்தைக் கயிறு கட்டிப் பிரித்து, உள்ளே நிற்கிற ஒவ்வொரு மரமும் என்ன இனம், நெஞ்சு உயரத்தில் என்ன சுற்றளவு என்று எழுத வேண்டும். இரண்டு பேர் கட்டிப்பிடிக்கிற பாலை மரம் இருபது வருடத்தில் வளராது. அப்படி மரம் நின்றால் அது பழைய காடு. எல்லாம் மெல்லிய தண்டும் முள்ளுமாக, நடுவில் வரம்பு தெரிந்தால் அது விட்டுப் போன வயலாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். காணி யாருக்கு என்று மரம் சொல்லாது. அதை உறுதியும் பெமிட்டும் சட்டமும் சொல்லும். ஆனால் அந்த இடம் எப்போது காடாக இருந்தது, எப்போது வயலாக இருந்தது என்று மரம் சாட்சி சொல்லும். அந்தச் சாட்சியம் யாருடைய அலுமாரியிலாவது பூட்டிக் கிடந்தால் நஷ்டம் யாருக்கு? பலமுள்ளவனுக்கு இல்லை. அவனுக்குச் சட்டத்தரணி இருக்கிறார், தொலைக்காட்சி இருக்கிறது. நஷ்டம் நமக்குத்தான். காட்டுக்கும்தான்.

தரவு கேட்டால் என்ன பதில் வருகிறது? நானே இரண்டு மூன்று இடத்தில் கேட்டவன். எல்லா இடத்திலும் ஒரே மூன்று பதில்கள்தான்.

முதலாவது: "அது என்னுடைய ஆய்வு சேர், கட்டுரை வந்த பிறகு பார்ப்போம்." சரி, உழைத்தவருக்கு முதல் உரிமை கொடுப்போம். ஒரு வருடமோ இரண்டு வருடமோ வைத்துக்கொள்ளட்டும். அதற்குப் பிறகு? கனடாவில் ஒரு குழு, தாவரங்களையும் விலங்குகளையும் அளந்து எழுதிய 516 ஆய்வுக் கட்டுரைகளின் ஆசிரியர்களிடம் மூலத் தரவைக் கேட்டுப் பார்த்தது. 2014இல் முடிவை வெளியிட்டார்கள். கட்டுரைக்கு ஒவ்வொரு வயது கூடும்போதும் தரவு தப்பியிருக்கிற சாத்தியம் 17 சதவீதம் வீதம் விழுந்துகொண்டே போனது. யாரும் களவெடுக்கவில்லை. கணினி பழுதானது, மின்னஞ்சல் மாறியது, பழைய டிஸ்க்கைத் திறக்கிற இயந்திரம் இல்லாமல் போனது, அவ்வளவுதான். அரச சம்பளத்திலும் அரச நிதியிலும் எடுத்த அளவீடு மக்களின் அமானிதம். அமானிதத்தைத் தொலைத்துவிட்டு "என்னுடையது" என்று சொல்வது எந்த நியாயம்?

இரண்டாவது: "வெளியிட்டால் பிழையாகப் பாவிப்பார்கள்." இப்போது மட்டும் சரியாகப் பாவிக்கிறார்களா? தரவே இல்லாமல் எத்தனை பொய் ஓடுகிறது என்று நம் வாட்ஸ்அப் குழுக்களைப் பார்த்தால் தெரியும். திறந்த தரவுதான் பொய்யைப் பிடிக்கும். 2020இல் சிலந்திகளின் நடத்தை பற்றிப் பெயர்பெற்ற ஓர் ஆய்வாளரின் கட்டுரைகள் ஒன்றன்பின் ஒன்றாக மீளப்பெறப்பட்டன. எப்படி? மூல எண்கள் பொதுக் களஞ்சியத்தில் இருந்தன. அவற்றைப் பிரித்துப் பார்த்த மற்ற ஆய்வாளர்கள் ஒரே எண்கள் திரும்பத் திரும்ப வருவதைக் கண்டார்கள். பூட்டி வைத்திருந்தால் அந்தக் கட்டுரைகள் இன்றும் மேற்கோளாக ஓடிக்கொண்டிருக்கும்.

மூன்றாவது: "அபூர்வ உயிரினம் இருக்கிற இடம் தெரிந்தால் கடத்திவிடுவார்கள்." இது உண்மையான பயம். வல்லப்பட்டை மரத்துக்கும் நட்சத்திர ஆமைக்கும் நம் நாட்டில் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் இதற்கு உலகம் எப்போதோ வழி கண்டுவிட்டது. அப்படிப்பட்ட இனங்களுக்கு மட்டும் சரியான ஆள்கூறைக் கொடுக்காமல், கிலோமீற்றர் கணக்கில் மழுக்கிக் கொடுப்பார்கள். ஓர் ஆமைக்காக முழுக் காட்டுக் கணக்கையும் மூடுவது, ஒரு பக்கம் கிழிந்ததற்காகப் புத்தகத்தையே ஒளித்து வைப்பது மாதிரி.

இனி நம் பக்கம். இதை எழுதினால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

நாம் கேட்கிற தரவு நமக்குச் சாதகமாகத்தான் வரும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. சில இடங்களில் "இது வயலாக இருந்தது, ஊராக இருந்தது" என்று வரும். சில இடங்களில் "இங்கே பழைய காடு நின்றது, 2009க்குப் பிறகு வெட்டியிருக்கிறார்கள்" என்றும் வரலாம். அப்படி வந்தால் ஏற்றுக்கொள்ளத் தயாரா? நம் பெயரைச் சொல்லி, நம் அகதி வாழ்க்கையைக் காட்டி, ஊருக்கு ஒரு சம்பந்தமும் இல்லாதவர்கள் காணி பிடித்த இடம் இருந்தால் அதுவும் வெளியே வரட்டும். அவர்களைக் காப்பாற்றுவது நம் வேலை இல்லை. அவர்களால்தான் நியாயமாகத் திரும்பி வந்த ஏழையும் "காடழிப்பவன்" என்ற பெயரைச் சுமக்கிறான். சாதகமானதை மட்டும் காட்டினால் அது தரவு இல்லை, விளம்பரம். காடு நமக்கும் வேண்டும். குளத்துக்குத் தண்ணீர் வருகிற வழியில் காடு போனால் மண் வந்து குளம் தூர்ந்துவிடும். பிறகு காணி இருந்தும் விதைக்க ஏலாது.

என்ன செய்யலாம்?

ஒன்று. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு இருக்கிறது, அதற்கு மேல் ஆணைக்குழு இருக்கிறது. "அறிக்கை தாருங்கள்" என்று மட்டும் கேட்காதீர்கள். இப்படிக் கேளுங்கள்: எல்லை ஆள்கூறுகள் கணினிக் கோப்பாக வேண்டும். பாவித்த செய்மதிப் படத்தின் திகதி வேண்டும். களத்துக்குப் போன நாட்களும் அளந்த துண்டுகளின் இடமும் வேண்டும். ஒவ்வொரு துண்டிலும் எண்ணிய மரங்களின் இனமும் சுற்றளவும் வேண்டும். களத்துக்கே போகவில்லை என்றால் அதையும் எழுத்தில் தரட்டும். அந்தப் பதிலும் ஒரு தரவுதான்.

இரண்டு. நாமும் அளப்போம். பழைய கிணறு, குளக்கட்டு, பள்ளிவாசல் அத்திவாரம், மையவாடி, பாடசாலைக் கட்டடம், பழைய தென்னை, பனை எல்லாவற்றையும் கைத்தொலைபேசியில் ஆள்கூறோடு, திகதியோடு படம் எடுத்து ஓர் அட்டவணையாகப் போடுவோம். ஆட்களின் பெயரும் உறுதி இலக்கமும் அதில் வேண்டாம், அது குடும்பங்களின் தனிப்பட்ட விஷயம். இடமும் பொருளும் போதும். உயிரோடு இருக்கிற மூத்தவர்களிடம் கேட்டு எழுத இன்னும் கொஞ்சக் காலம்தான் இருக்கிறது. இதைப் பள்ளி நிர்வாகங்களும் உ/த பிள்ளைகளும் சேர்ந்தால் ஒரு விடுமுறைக்குள் முடிக்கலாம்.

மூன்று. பல்கலைக்கழகத்தில் படிக்கிற நம் பிள்ளைகளே, நம் காட்டிலும் கடலிலும் நீங்கள் எடுக்கிற அளவீட்டை ஆய்வேட்டின் பின்னிணைப்பில் புதைக்காதீர்கள். பொதுக் களஞ்சியத்தில் இடுங்கள். எண்களுக்கு மொழிபெயர்ப்பும் தேவையில்லை. சிங்களச் சகோதரனும் தமிழ்ச் சகோதரனும் அதே அட்டவணையைத்தான் பார்ப்பார்கள்.

சூழலியலாளர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களில் பலர் உண்மையாகவே காட்டை நேசிப்பவர்கள் என்று எனக்குத் தெரியும். உங்களிடம் கணக்கு இருந்தால் மேசையில் வையுங்கள். நாங்களும் எங்களிடம் உள்ளதை வைக்கிறோம். கணக்கில்லாமல் ஒரு சமூகத்தையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்குப் பெயர் சூழல் பாதுகாப்பு இல்லை.

மறுப்பு இருப்பவர்கள் தாராளமாக எழுதுங்கள். படம் போடுவதென்றால் எடுத்த இடத்தையும் திகதியையும் சேர்த்துப் போடுங்கள். அது இல்லாத படத்துக்கு நான் பதில் எழுத மாட்டேன்.

வஸ்ஸலாம்.