தூர் வாரத் தெரிந்த ஊர்

பாகூர் ஏரியின் கால்வாயில் மண் சேர்ந்தால் தூர் வார வேண்டும். ஒருமுறை வாரிவிட்டு ஓய்ந்துவிடவும் முடியாது. இதை இவ்வூராருக்கு வகுப்பெடுக்கத் தேவையில்லை. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ள குழந்தையின் மூச்சுக்குழாய்க்கும் இதே நியாயம்தான். மரபணுப் பிழையால் உப்பும் நீரும் செல்களைக் கடக்கும் வழி பழுதாகிறது, சளி பசையாக இறுகுகிறது, அதில் கிருமி குடியேறுகிறது. அன்றாடம் வெளியேற்றியாக வேண்டும்.

'அது வெள்ளைக்காரர் நோய்' என்ற சோம்பல் வாதத்தை இன்னும் எத்தனை காலம் கேட்பது? வேலூர் சி.எம்.சி.யில் நம் குழந்தைகளிடமே அதைக் கண்டறிகிறார்கள். முத்தமிட்ட நெற்றி உப்புக் கரிப்பதை ஐரோப்பியத் தாய்மார்கள் கவனித்தார்கள். நம் வீட்டில் அதை வெயிலின் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

2019இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முக்கூட்டு மாத்திரைக்கு அப்போது அங்கே ஆண்டுக்கு ஏறத்தாழ 3 லட்சம் டாலர் விலை வைத்தார்கள். அதற்காகப் போராடத்தான் வேண்டும். ஆனால் குவித்த உள்ளங்கையால் முதுகைத் தட்டவும், ஆழ இழுத்த மூச்சை வாய்திறந்து வேகமாக வெளித்தள்ளவும், தண்ணீர்ப் புட்டியில் குழாய்விட்டு ஊதவும் எந்தக் காப்புரிமை குறுக்கே நிற்கிறது? தாயின் கைவேலை என்பதாலா இந்த இளக்காரம்?

சீட்டில் 'பிசியோதெரபி' என்று ஒற்றைச் சொல் எழுதிக் கொடுப்பது சிகிச்சையாகாது. தினம் இருவேளை இதற்காக நகரத்தைத் தாண்டிக் கோரிமேட்டு ஜிப்மருக்கு யார் போவது? வீட்டுத் திண்ணையில் செவிலியர் உட்கார்ந்து, அந்தத் தாயின் கையைப் பிடித்துக் காட்ட வேண்டும்: எங்கே தட்டுவது, எங்கே தட்டக்கூடாது, புட்டித் தண்ணீரை ஏன் ஒவ்வொரு முறையும் கொட்டிக் கழுவிக் காயவைப்பது என்று.