ஸோயேவுக்கு சார்ஜ் போட்டாச்சா?

பிரான்சில் 'ஸோயே' என்று ஒரு பெண்பெயர் இருக்கு. கிரேக்கத்திலிருந்து வந்தது. அர்த்தம், 'உயிர்'. நம்மூர் ஜீவாவுக்கு ஒன்றுவிட்ட அக்கா என்று வைத்துக்கொள்ளுங்களேன். பழைய ஏற்பாட்டைக் கிரேக்கத்தில் மொழிபெயர்த்தவர்கள் ஏவாளின் பெயரையே ஓரிடத்தில் இந்தச் சொல்லால்தான் எழுதினார்கள். 11ஆம் நூற்றாண்டில் பைசாண்டியப் பேரரசின் மகாராணி ஒருத்திக்கும் இதே பெயர். 1880-ல் வந்த எமில் ஸோலாவின் 'நானா' நாவலில் வேலைக்காரிக்கு இந்தப் பெயர். இப்படி ஏறி இறங்கிய பெயர், 2000களில் மறுபடி மேலே வந்து, பிரெஞ்சு அப்பா அம்மாக்கள் ஆசையாக வைக்கிற பெயர்களில் ஒன்றாகிவிட்டது.

இவ்வளவு அழகான பெயரை மனுஷங்களுக்கு மட்டும் விட்டு வைப்பாங்களா? 1948 டிசம்பரில் பாரிஸ் பக்கத்தில் இயங்க ஆரம்பித்த பிரான்சின் முதல் அணு உலைக்குப் பெயர் ஸோயே. பூஜ்ய ஆற்றல், ஆக்சைடு, கனநீர் என்ற பிரெஞ்சு வார்த்தைகளின் முதல் எழுத்துக்களைக் கோர்த்தால் அப்படி வரும். சரி, அணு உலை தெருவில் ஓடாது, போகட்டும் :-)

ஆனால் கார் தெருவில் ஓடுமே! ரெனோ கம்பெனி தன்னுடைய புது மின்சாரக் காருக்கு ஸோயே என்று பெயர் வைக்கப் போவதாகச் சொன்னதும், ரெனோ என்பதையே குடும்பப் பெயராகக் கொண்ட, ஸோயே என்று மகள் இருக்கிற சில பெற்றோர் 2010-ல் பாரிஸ் நீதிமன்றத்துக்குப் போனார்கள். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் கேலி பண்ணுவாங்க என்பது அவர்கள் பயம். "என்ன ஸோயே, இன்னைக்கு சார்ஜ் போட்டாச்சா?" என்று கேட்க பசங்களுக்குச் சொல்லியா தரணும்! நிச்சயமான, நேரடியான, இப்போதே நடக்கிற பாதிப்பு எதுவும் நிரூபிக்கப்படவில்லை என்று நீதிமன்றம் வழக்கைத் தள்ளிவிட்டது. 2012-ல் கார் வந்துவிட்டது.

எனக்குக் கடுப்பு இங்கேதான். பிரான்சில் பெயர் வைப்பது பெற்றோரின் தனி விஷயமாக ரொம்ப நாள் இருந்ததில்லை. 1803 சட்டப்படி நாள்காட்டியில் உள்ள புனிதர்களின் பெயர், பழைய வரலாற்றில் வரும் பெயர், இவ்வளவுதான் அனுமதி. 1993-ல்தான் தாராளமாக விட்டார்கள். அப்பவும் பெயர் பிள்ளையின் நலனுக்கு எதிராக இருந்தால் பதிவாளர் ஆட்சேபிக்கலாம், நீதிபதி மாற்றச் சொல்லலாம். 2014-ல் 'நுட்டெல்லா' என்று வைத்த பெற்றோருக்கு அப்படித்தான் ஆச்சு. கேலிக்கு ஆளாகும் என்று சொல்லி 'எல்லா' ஆக்கிவிட்டார்கள். மேகன் என்று ஒரு கார் வந்த பிறகு, உச்சரிப்பில் ரெனோ மாதிரியே இருக்கிற குடும்பப் பெயர் கொண்ட பெற்றோர் மகளுக்கு மேகன் என்று வைக்க, அதுவும் கோர்ட்டுக்குப் போய், 2000-ல் மேல்முறையீட்டில்தான் பெயர் பிழைத்தது.

கவனிங்க மக்களே. பெற்றோர் பெயர் வைத்தால், "நாளைக்குக் கேலி பண்ணினால்?" என்று சர்க்கார் முன்கூட்டியே கேட்கும். கம்பெனி பெயர் வைத்தால், "கேலி பண்ணட்டும், அப்புறம் ஆதாரத்தோட வாங்க". இது என்ன நியாயம்?

பெயர் யாருக்கும் சொந்தமில்லை, ஆயிரம் ஸோயேக்கள் ஏற்கெனவே ஒரே பெயரைப் பங்கு போட்டுக்கொண்டவர்கள்தானே என்று கேட்கலாம். உண்மைதான். சட்டப்படி அந்த நீதிபதி சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் இன்னொரு ஸோயே ஊர் முழுக்க தன் பெயரை விளம்பரப் பலகையில் ஒட்ட மாட்டாள். கம்பெனி ஒட்டும். அந்தக் காரின் உற்பத்தி 2024-ல் நின்றுவிட்டது. கம்பெனிக்கு அது முடிந்துபோன ஒரு மாடல். 2010-ல் பிறந்த குழந்தைக்கோ பள்ளிக்கூட வயசில் பெரும்பகுதி அந்தக் காரோடுதான் போயிருக்கும்.

இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இருக்கான்னு கேட்டால், கொஞ்சம் கம்மிதான். முன்பு வேலை பார்த்த இடத்தில் எங்கள் டீம் சர்வர்களுக்கு நதிப் பெயர் வைத்திருந்தோம். காவேரி, நர்மதா, யமுனா. அப்புறம் டீமில் யமுனா என்று ஒரு பெண் சேர்ந்தாள். "யமுனா செத்துடுச்சு, யாராவது ரீஸ்டார்ட் பண்ணுங்கப்பா" என்று தினமும் யாராவது கத்துவோம். முதல் வாரம் அவளும் சிரித்தாள். மூன்றாம் மாதம் என்னிடம் வந்து, "அந்தப் பேரை மாத்த முடியுமா?" என்று கேட்டாள். "நூறு இடத்துல கான்ஃபிக் மாத்தணும், இதெல்லாம் ஒரு பிரச்னையா?" என்றேன். அவள் மறுபடி கேட்கவில்லை.

அவள் வேலையை விட்டுப் போன பிறகு வேறு ஏதோ காரணத்துக்காக எல்லா சர்வருக்கும் நம்பர் போட்டோம். ஒரு மத்தியானம்தான் ஆச்சு.