தேசம் என்பது யாது?

2007ஆம் ஆண்டு ஜூன் 7ஆந் திகதி விடியற்காலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை ஆகிய இடங்களிலுள்ள விடுதிகளுட் பொலிஸார் புகுந்தனர். அங்குத் தங்கியிருந்த தமிழர்கள் எழுப்பப்பட்டனர். கொழும்பில் இருப்பதற்குத் தக்க காரணம் இல்லாதவர்கள் எனக் கூறி, 376 பேரைப் பஸ்களில் ஏற்றி வடக்கு நோக்கியும் கிழக்கு நோக்கியும் அனுப்பினர். கடவுச்சீட்டுக்காக வந்தவர், வைத்தியத்துக்காக வந்தவர், வேலை தேடி வந்தவர், வெளிநாடு செல்லக் காத்திருந்தவர் எனப் பலதிறத்தாரும் இத்தகைய விடுதிகளில் தங்குவது வழக்கம். மறுநாளே உயர் நீதிமன்றம் இவ்வெளியேற்றத்துக்கு இடைக்காலத் தடை விதித்தது. சில நாட்களில் பிரதமரும் வருத்தம் தெரிவித்தார். செய்தி அத்துடன் பழையதாயிற்று.

ஆயின் அப்பஸ்கள் எழுப்பிய வினா பழையதாகவில்லை. 'நாடு ஒன்றே, அதனைப் பிரிக்க விடோம்' என்று நாள்தோறும் முழங்கிய ஓர் அரசாங்கம், தன் தலைநகரிலிருந்து தன் குடிமக்களைத் தன் நாட்டின் இன்னொரு பகுதிக்கு அந்நியரைப்போல் அனுப்பிவைத்தது. பிரிவினைவாதிகள் எனப்பட்டோர் வரைபடத்தில் கீறிய எல்லையை, அன்று அரசே தெருவிற் கீறிக் காட்டிற்று. இப்படிப்பட்ட நாட்டைத் தேசம் என்று அழைக்கலாமா? அழைக்கலாம் என்றால் எந்த நியாயத்தினால்?

இவ்வினாவுக்கு இருவகை விடைகள் நம்மிடையே மலிந்துள்ளன. இலங்கை ஈராயிரத்தைந்நூறு ஆண்டுகளாக ஒரே தேசம். கடல் சூழ்ந்த இயற்கையான தேசம். அதனுட் பிறர் வந்து ஒதுங்கியவரே என்பர் ஒரு சாரார். இலங்கை ஆங்கிலேயன் ஒட்டவைத்த செயற்கை நாடு. ஒட்டியவன் போனபின் ஒட்டு விடுவதே இயல்பு என்பர் மறு சாரார். ஒன்றையொன்று மறுக்கும் இவ்விரு கூற்றுக்களும் உண்மையில் ஒரே தவற்றின் இரு முகங்களே. தேசத்தின் மெய்ம்மையை அதன் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் தேடுவதே அத்தவறு.

வரலாறு கூறுவதென்ன? பதினாறாம் நூற்றாண்டிற் கோட்டை, கண்டி, யாழ்ப்பாணம் என அரசுகள் பல இருந்தன. 1619இல் யாழ்ப்பாணம் போர்த்துக்கேயர் வசமாயிற்று. 1815இற் கண்டி ஆங்கிலேயர் வசமாயிற்று. 1833இற் கோல்புறூக் சீர்திருத்தங்களே இத்தீவு முழுவதையும் ஒரே நிர்வாகத்தின்கீழ்க் கொணர்ந்தன. இந்நாட்டுக்குச் சமஷ்டி ஆட்சியே பொருந்தும் என 1926இல் எழுதியவர் எஸ். டபிள்யு. ஆர். டி. பண்டாரநாயக்கா, மறு ஆண்டு டொனமூர் ஆணைக்குழுவின் முன் அதனைக் கோரியவர்கள் கண்டிச் சிங்களவர்கள். ஆகவே தொன்றுதொட்ட ஒற்றைத் தேசம் என்பது கட்டுக்கதை. ஆனால் அது கட்டுக்கதை என நிறுவிவிட்டதனாலேயே இந்நாடு உடைய வேண்டும் என்பது எவ்வாறு பெறப்படும்? 1861இல் ஒன்றுபட்ட இத்தாலியில் இத்தாலிய மொழியை வீட்டிற் பேசியோர் மிகச் சிறு தொகையினரே. உலகின் தேசங்களுள் ஆக்கப்படாத தேசம் எது? செயற்கையாகத் தோன்றியது மெய்த் தேசமாக வளர்தலும் உண்டு. ஒரே மதத்தின் பேரால் எழுந்த பாக்கிஸ்தான் 1971இற் பிளந்தது போல், இயற்கை எனப்பட்டது பொய்யாய்ப் போதலும் உண்டு.

நம் இடதுசாரி நண்பர்கள் இவ்விடத்தில் 1913இல் ஸ்டாலின் வகுத்த இலக்கணத்தை எடுத்துக் காட்டுவர். பொது மொழி, பொது நிலப்பரப்பு, பொதுப் பொருளாதார வாழ்வு, பண்பாட்டில் வெளிப்படும் பொது மனவியல்பு ஆகிய நான்கும் வேண்டும் என்பது அது. ஒடுக்கப்பட்ட இனங்களின் உரிமையை ஆராயப் பிறந்த அவ்விலக்கணத்தை நம்மவர் அளவுகோலாக்கினர். மலையகத் தமிழருக்கு நிலப்பரப்பு உண்டா? முஸ்லிம்களுக்குத் தனிமொழி உண்டா? இவ்வாறு பிறரை அளந்து, குறைந்ததெனக் கண்டு ஒதுக்கவே அது பயன்பட்டது. மனிதரை நிறுத்தி அளக்கும் எந்த இலக்கணமும், ஈற்றில் விடுதி வாயிலில் நின்ற பொலிஸ்காரனின் வினாவாகவே முடிகிறது: "இங்கே உனக்கென்ன வேலை?"

இவ்வினாவே உரைகல். தன் சொந்த நாட்டில் இருப்பதற்கு எவரும் காரணம் காட்டத் தேவையில்லாத இடமே மெய்யான தேசம். ஒரு பிரிவினர் வீட்டுக்காரராகவும் இன்னொரு பிரிவினர் விருந்தாளியாகவும் வாழும் இடம், எத்துணைப் பழமையுடையதாயினும், எத்துணைக் கொடிகளைப் பறக்கவிடினும், செயற்கை நாடே.

இவ்வுரைகல்லில் நம் வரலாற்றை உரைத்துப் பார்ப்போம். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரிடம் இவ்வினாவையே கேட்டது. தேயிலை வளர்த்து இந்நாட்டின் செல்வத்தைப் படைத்த ஏழு இலட்சம் பேரளவினர் நாடற்றவராயினர். 1949இல் வாக்குரிமையும் இழந்தனர். 1964இல் இரு பிரதமர்கள் கூடி, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேர் பின்னர் பார்ப்போம் என, மூட்டை பிரிப்பது போல் மனிதரைப் பிரித்தனர். 1956இன் தனிச்சிங்களச் சட்டம் அரசாங்கக் கந்தோர்களின் வாயிலில் நின்று இதே வினாவைக் கேட்டது. 1983 ஜூலையிற் காடையர் வாக்காளர் பட்டியலைக் கையிலேந்தி வந்து, வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழர் வீடுகளைத் தேடித் தீயிட்டனர். குடிமகன் என்பதற்குச் சான்றான பட்டியலே கொலைக்கு வழிகாட்டியாயிற்று. 1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கிற்று. இருபதாண்டு கழித்து மேற்சொன்ன பஸ்கள் வந்தன. ஏட்டிலேறிய உரிமை தெருவிலிறங்கவில்லை.

'வயிற்றுப் பிரச்சினை தீர்ந்தால் இனப் பிரச்சினை தானே தீரும்' என்போர் நம்முள் இன்னும் உளர். இவர்கள் வெள்ளவத்தையின் வரலாற்றையேனும் படித்தல் நன்று. அங்கிருந்த நூற்பு நெசவாலையில் 1933இல் வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. மலையாளத் தொழிலாளரும் சிங்களத் தொழிலாளரும் அங்கு உழைத்தனர், கொல்வின் ஆர். டி சில்வா முதலான இளைஞர்கள் அவர்களுக்குத் துணை நின்றனர். ஆனால் 1923இலும் 1927இலும் கொழும்புத் தொழிலாளரைப் பெரும் போராட்டங்களில் நடத்திய ஏ. ஈ. குணசிங்கவோ, அவ்வேலைநிறுத்தத்துக்கு எதிராக நின்றார். பின்னர் மலையாளிகளை வெளியேற்றும் கூச்சலிலேயே தம் அரசியலை நடத்தினார். தொழிற்சங்கத் தந்தை வகுப்புவாதியாக மாறியபோது முதலில் முறிந்தது தொழிலாளரின் ஒற்றுமையே.

1953 ஓகஸ்டு 12ஆந் திகதியை எண்ணிப் பாருங்கள். ஒரு கொத்து அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏற்றப்பட்டபோது நாடு ஹர்த்தாலில் எழுந்தது. மந்திரிசபை துறைமுகத்தில் நின்ற பிரித்தானியக் கப்பலிற் கூடிற்று. பிரதமர் டட்லி சேனநாயக்கா சில வாரங்களிற் பதவி துறந்தார். பொதுப் பசி ஒரு தேசத்தை ஈன்றுவிட்டது என்றே தோன்றியது. மூன்றே ஆண்டுகளில் தனிச்சிங்களச் சட்டம் வந்தது! பசி மக்களை ஒரே வரிசையில் நிறுத்த வல்லது. ஆனால் அவ்வரிசையில் நிற்போர் எல்லோரும் சமம் என்ற உரிமையை அது தானாகத் தருவதில்லை.

அவ்வுண்மையைத் தெளிவாகக் கண்டவர்களும் இடதுசாரிகளே. ஒரு மொழியெனின் இரு நாடு, இரு மொழியெனின் ஒரு நாடு என எச்சரித்தவர் அதே கொல்வின். அவர் கட்சி 1964இல் மந்திரிப் பதவிக்கு இணங்கிற்று. 1966 ஜனவரி 8ஆந் திகதி தமிழ்மொழி ஒழுங்குவிதிகளுக்கு எதிரான ஊர்வலத்தில் நடந்தது. 1972இற் சிறுபான்மையினருக்குக் காப்பாயிருந்த 29ஆம் பிரிவு அற்றதும், சிங்களத்துக்கும் பௌத்தத்துக்கும் தனியிடம் அளித்ததுமான அரசியல் யாப்பை அவரே அமைச்சராயிருந்து முன்னின்று வகுத்தார். முதலாளித்துவக் கட்சிகளின் துரோகம் நமக்கு வியப்பன்று. அறிந்தே செய்தவரின் பிழையே பெரிது. இதனைச் சொல்லக் கூசுகிற இடதுசாரி, தமிழ் மாணவனிடம் வர்க்க ஒற்றுமையைப் பற்றிப் பேச அருகதையற்றவன்.

ஆனால் உரைகல்லைப் பிறர்மீது மட்டும் உரைப்பது நேர்மையன்று. 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகரில் அவர்களுக்குக் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மண்ணில் 'இங்கே உனக்கென்ன வேலை?' என அவர்களைக் கேட்டவர் தமிழரே. அதற்கு முன், 1968இல், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில், தாழ்த்தப்பட்ட மக்களிடம் இதையே கேட்டவரும் தமிழரே. தன் வீட்டினுள்ளே வாயில்களை அடைத்துவைத்திருக்கும் சமுதாயம், புதிதாக ஒரு நாட்டைப் பெறினும் அதுவும் செயற்கை நாடாகவே இருக்கும்.

அவ்வாறெனில் நம்பிக்கைக்கு இடமேயில்லையா? உண்டு. 2022இற் காலிமுகத்திடலிற் கூடிய மக்கள் ஒரு ஜனாதிபதியை நாட்டைவிட்டு ஓடச் செய்தனர். தேசிய கீதம் அங்குத் தமிழிலும் ஒலித்தது. அவ்வாண்டு மே 18ஆந் திகதி, முள்ளிவாய்க்காலில் மாண்டோரை நினைந்து அதே திடலிற் கஞ்சி வழங்கப்பட்டது. சிங்களவரும் அதனைப் பருகினர். 1956இல் தமிழ்ச் சத்தியாக்கிரகிகள் அடித்து விரட்டப்பட்ட திடல் அது. தேசம் எனப்படுவது ஒரு கணம் அங்குக் கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் 1953ஐ மறவாதோர் அக்கணத்தில் மயங்கமாட்டார். அந்தக் கஞ்சிக் கிண்ணத்தின் பின்னே சமஉரிமையும் அதிகாரப் பகிர்வும் இறந்தோர் பற்றிய உண்மையும் வராவிட்டால், அது வெறுங் கிண்ணமே.

ஆசிரியர்களே, மாணவர்களே! வகுப்பறையில் 'நம் தேசம்' எனும் பாடத்தைத் தொடங்குமுன், கொட்டாஞ்சேனை விடுதியிலிருந்து எழுப்பப்பட்ட மனிதனையும், நாடற்றுப்போன தோட்டத் தொழிலாளியையும், இரண்டு மணி நேரத்தில் ஊரைவிட்ட முஸ்லிம் தாயையும் நினைத்துக்கொள்ளுங்கள். சிங்கள ஆசிரியன் முதலாமவனுக்காகவும், தமிழ் ஆசிரியன் மூன்றாமவளுக்காகவும், இருவருஞ் சேர்ந்து நடுவிலுள்ளவனுக்காகவும் வாய்திறந்து பேசும் நாளிலேதான், அப்பாடம் பொய்யற்ற பாடமாகும்.